பேருந்து ஆர்வலர்: சொல் விளக்கம்

பேருந்து ஆர்வலர் என்பவர், போய்ச் சேரும் இடத்தைவிட ஏறியிருக்கும் வண்டியின் மேல் அதிகக் கண் வைத்திருப்பவர். சேஸிஸ் எனும் அடிச்சட்டம் எந்த நிறுவனத்துடையது, அதன்மேல் கூண்டு, அதாவது 'பாடி', கட்டியது யார், எந்த ஆண்டு சாலைக்கு வந்தது, எப்போது கழிக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். ஆங்கிலத்தில் பஸ் என்தூசியஸ்ட். சிங்கப்பூரில் சுருக்கமாக பஸ் ஃபேன். தமிழ் வீடுகளில் கிடைக்கும் பட்டம் பெரும்பாலும் "பஸ் பைத்தியம்". பாசத்தோடு சொல்வதுதான் என்றாலும் அதைக் கட்டுரையில் எழுத முடியாதே.

முதலில் வண்டியைப் பார்ப்போம். 'பஸ்' என்பது முழுச் சொல்லே இல்லை. இன்னொரு சொல்லின் வால். 1826இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர், ஊருக்கு வெளியே தாம் நடத்திய வெந்நீர்க் குளியல் நிலையத்துக்கு ஆள் வர வேண்டும் என்பதற்காக ஊர் நடுவிலிருந்து குதிரை வண்டி விட்டார். ஏறியவர்களில் பலர் குளிக்கப் போகவில்லை. வழியிலேயே இறங்கி அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சரி, வண்டி விடுவதே தொழிலாக இருக்கட்டும் என்று மனிதர் மாறிக்கொண்டார். அந்த வண்டிக்கு ஆம்னிபஸ் என்று பெயர் நின்றது. லத்தீனில் 'எல்லார்க்கும்' என்று பொருள். 1828இல் பாரிஸ், 1829இல் லண்டன் என்று அந்த ஏற்பாடு பரவியது. பிறகு ஆங்கிலேயர் வாயில் பெயர் தேய்ந்து 'பஸ்' ஆனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'எல்லாரும்' என்ற பொருள் ஆம்னிபஸ்ஸின் முன்பகுதியில்தான் இருக்கிறது. பின்னால் ஒட்டியிருக்கும் 'பஸ்' வெறும் வேற்றுமை உருபு. நம் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமையின் 'கு' என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் அது செய்கிறது. ஆகப் பொருளுள்ள பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, "க்கு வந்துவிட்டது, ஏறு" என்று உலகமே இருநூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த முன்பகுதி இன்னும் பிழைத்துக்கிடக்கிறது. சென்னையிலிருந்து இரவில் மதுரைக்கும் கோவைக்கும் கிளம்பும் தனியார் வண்டிகளுக்கு அங்கே ஆம்னி பஸ் என்றுதான் பெயர். தீபாவளி நேரத்தில் அதன் டிக்கெட் விலையைப் பார்த்தவர்களுக்கு 'எல்லார்க்கும்' என்ற பொருள் கொஞ்சம் உறுத்தும்.

'பேருந்து' 20ஆம் நூற்றாண்டில் ஆக்கிய சொல். பெருமை + உந்து. இங்கே பெருமை என்றால் பெரியது. 'உந்து' என்றால் தள்ளு, முன்னே செலுத்து. இயந்திரத்தின் உந்துதலால் ஓடுவதால் வண்டிக்கும் உந்து. பெருமை என்பதில் ஈறு கெட்டு, முதல் எழுத்து நீண்டு 'பேர்' ஆகி, உந்தோடு சேர்ந்தால் பேருந்து. பேராசிரியர், பேரூர் எல்லாம் இதே வழியில் வந்தவைதான். சிலர் 'பேரூந்து' என்று நெடிலாக எழுதிவிடுகிறார்கள். இலங்கைத் தமிழர் எழுத்தில் இது அடிக்கடி கண்ணில் படும். ஊர் நெடிலில் தொடங்குவதால் பேரூர் சரி. உந்து குறிலில் தொடங்குகிறது, எனவே பேருந்துதான்.

இந்தச் சொல்லோடு பிறந்த உடன்பிறப்புகள் பல: சிற்றுந்து, மகிழுந்து, சரக்குந்து. சிங்கப்பூரில் இவற்றில் வேரூன்றியது பேருந்து ஒன்றுதான். இங்கே செய்தித்தாளில் கார் காராகவே ஓடுகிறது, லாரி லாரியாகவே ஓடுகிறது, பஸ் மட்டும் பேருந்தாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் தமிழ்த் தேர்வில் பேருந்து என்று எழுதிவிட்டு, வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இதில் தப்பொன்றும் இல்லை.

அடுத்தது கோச். இது ஓர் ஊரின் பெயர். ஹங்கேரியில் கொச் என்ற சிற்றூரில் 15ஆம் நூற்றாண்டில் நல்ல பயண வண்டிகள் செய்தார்கள். பத்தமடைப் பாய் என்பதுபோல 'கொச் வண்டி' என்ற பெயர் பரவி, ஜெர்மன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கோச் ஆனது. இன்றைக்குப் பொதுவாக ஒரே கதவு, வரிசையாக உயர்ந்த இருக்கைகள், கீழே பெட்டி வைக்கும் அறை, நின்றுகொண்டு போக இடம் கிடையாது என்றால் அது கோச். சிங்கப்பூரின் பீச் ரோடு கோல்டன் மைல் கட்டடத்தில் இரவு நேரத்தில் பையும் பிள்ளையுமாக நின்று கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ ஹாட்யாய்க்கோ ஏறிய தலைமுறைக்கு விளக்கம் தேவையில்லை.

அகராதிகள் கோச்சுக்கு 'சொகுசுப் பேருந்து' என்று எழுதிவிட்டுப் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கப்பூரில் அதே வகை வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதியிலிருந்து தொழிலாளர்களை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு ஏற்றி வருகிறது. அதில் சொகுசு எங்கே இருக்கிறது? ஒரே சொல்லால் எல்லாவற்றையும் கட்டிப்போட வேண்டாம். ஊர்விட்டு ஊர் போனால் தொலைதூரப் பேருந்து, ஊர் சுற்றிக் காட்டினால் சுற்றுலாப் பேருந்து, பொதுப் போக்குவரத்தைச் சேராத மற்றவை தனியார் பேருந்து. அந்தந்த இடத்தில் அந்தந்தச் சொல் போதும்.

இனி ஆள். 'ஃபேன்' என்பது வெறியர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவர்கள் விளையாட்டாக "உங்கள் விசிறி" என்று கையெழுத்துப் போட்டார்கள். பேருந்து விசிறி என்றால் ஏசி இல்லாத பழைய வண்டியின் கூரையில் சுற்றியது என்று நினைத்துக்கொள்வார்கள், எனவே அது வேண்டாம். 'ரசிகர்' பேச்சுக்கு நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லோடு கட்அவுட்டும் பாலாபிஷேகமும் சேர்ந்தே வருகின்றன. 'பித்தர்' என்றால் கோவிலுக்குப் போய்விடும்.

மிஞ்சுவது 'ஆர்வலர்'. இன்றைய வழக்கில் சமூக ஆர்வலர், சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று கேட்டுக் கேட்டு, கோரிக்கை வைப்பவர், மனுக் கொடுப்பவர் என்ற சாயல் அதற்கு ஏறிவிட்டது. பேருந்து ஆர்வலர் என்றால் கட்டண உயர்வை எதிர்ப்பவர் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லின் பழைய பொருள் வேறு. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்" என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர், அவ்வளவுதான். ஒரு வழித்தடத்தில் பழைய வண்டி கடைசியாக ஓடும் நாளில் கேமராவோடு வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்தப் பொருளே பொருந்துகிறது என்று ஒத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் தன்னார்வலர் என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் வரலாம். இங்கே அவர்களைத் தொண்டூழியர் என்று அழைத்துப் பழகிவிட்டதால் அந்தச் சிக்கலும் குறைவு.

சரி, இந்த ஆர்வலர் என்னதான் பார்க்கிறார்? எங்கள் புளோக்கில் பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டி வளைவைத் தாண்டி வருவதற்கு முன்பே, "அங்கிள், சத்தத்தைக் கேளுங்க, ஸ்கேனியா" என்பார். வந்து நின்றதும் முதலில் எண்பலகையைத்தான் பார்ப்பார். எஸ்பிஎஸ் என்று தொடங்கினால் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்ற பழைய நிறுவனத்தின் வரிசை. டிஐபி என்றால் 1983இல் ஓடத் தொடங்கி 2001இல் எஸ்எம்ஆர்டி என்ற ரயில் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்ட டிப்ஸ் நிறுவனத்தின் வரிசை. எஸ்எம்பி என்றால் எஸ்எம்ஆர்டி. எஸ்ஜி என்றால் அரசாங்கமே வாங்கிய வண்டி. பி என்ற எழுத்தில் தொடங்கினால் தனியார் பேருந்து.

எண்ணைச் சொன்னாலே கடைசி எழுத்தையும் அவர் சொல்லிவிடுவார். மந்திரம் ஒன்றுமில்லை. சிங்கப்பூர் எண்பலகையின் கடைசி எழுத்து கணக்குப் போட்டு வருவது. எஸ்பிஎஸ் 1234 என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தை விட்டுவிட வேண்டும். அகரவரிசைப்படி பி 2, எஸ் 19. இந்த இரண்டோடு நான்கு இலக்கங்களையும் சேர்த்தால் ஆறு எண்கள். அவற்றை வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 124. அதை 19ஆல் வகுத்தால் மீதி 10. மீதிக்கு மீதி இன்ன எழுத்து என்று ஒரு பட்டியல் உண்டு, 10க்கு எல். கையில் காகிதம் இல்லாமல் தம்பி இதைப் போடுவதைப் பார்த்தால், கணக்கு வராது என்று இவர் அம்மா ஏன் புலம்புகிறார் என்றுதான் தோன்றும்.

ஆர்வலர்களுக்குள் புழங்கும் சொற்களும் உண்டு. ஒரு வழித்தடத்தில் வழக்கமாக ஓடும் வண்டியை 'பெர்ம்' என்பார்கள். நிரந்தர வண்டி என்று சொன்னால் போதும். என்றைக்காவது ஒரு நாள் சம்பந்தமில்லாத வண்டி ஒன்று அந்தத் தடத்தில் வந்து நின்றால் அது 'கேமியோ'. இதற்கு நான் மெனக்கெட வேண்டியதே இல்லை. கௌரவத் தோற்றம் என்று நம் சினிமா எப்போதோ கொடுத்துவிட்டது. "இன்னைக்கு 147ல ஒரு கௌரவத் தோற்றம்" என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பாந்தமாக உட்காருகிறது!

'பாடி'க்கும் அப்படித்தான். உடல், உடற்பகுதி என்று தேடிப் போக வேண்டாம். பேருந்துக்குப் பெயர்போன கரூரில் அதைக் கூண்டு என்கிறார்கள், கூண்டு கட்டுவது அங்கே பெருந்தொழில். நம் சாலைகளில் ஓடிய ஸ்கேனியா கே230 வண்டிகளுக்குக் கூண்டு கட்டியது ஜொகூர் செனாயில் உள்ள கெமிலாங் நிறுவனம். சேஸிஸ் ஒருவருடையது, கூண்டு இன்னொருவருடையது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆர்வலர் பேச்சில் பாதி புரிந்துவிடும்.

பழைய வண்டிகளைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சொல் தேவைப்படுகிறது. 1926 முதல் 1962 வரை இங்கே மேலே மின்கம்பி பிடித்துக்கொண்டு ஓடிய டிராலி பஸ், சாலை நெடுக ஆளைத் தேடி ஏற்றிக்கொண்ட சின்னஞ்சிறு 'கொசு பஸ்', 1955 வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பிடித்த ஹாக் லீ நிறுவனத்தின் வண்டிகள் ஆகியவற்றையெல்லாம் 'பழைய பேருந்து' என்றால் ஓட்டை வண்டி என்று காதில் விழுகிறது. பல நிறுவனங்கள் 1971இல் மூன்றாகச் சுருங்கி, அந்த மூன்றும் 1973இல் ஒன்றான பிறகு வந்தவற்றுக்கும் இதே கதிதான். 1977இல் ஓடத் தொடங்கிய ஈரடுக்குப் பேருந்துகளும் அதில் அடக்கம்.

சிங்கப்பூரில் பொதுப் பேருந்துக்குச் சட்டப்படி ஆயுள் 17 ஆண்டு. அதற்குமேல் ஓட வேண்டுமானால் தனியாக அனுமதி வேண்டும். நிறுத்தி வைத்துப் பராமரிக்க இடத்துக்கும் பஞ்சம். அதனால் பெரும்பாலானவை உடைக்கப்பட்டுவிடும். 2023 கடைசியில் சாங்கி வில்லேஜில் ஓய்வுபெற்ற 20 பேருந்துகளை அறைகளாக்கித் தங்கும் விடுதி திறந்தார்கள். அங்கே போகும் ஆர்வலர் கட்டில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் இது எந்த வண்டி என்றுதான் கேட்பார்.

பாதுகாத்து வைத்த வண்டிக்கு 'மரபுடைமைப் பேருந்து' என்பதே என் தேர்வு. இந்திய மரபுடைமை நிலையம் என்ற பெயர் கேம்பல் லேனில் கண்ணெதிரே இருப்பதால் இந்தச் சொல் சிங்கப்பூர்த் தமிழருக்குப் புதிதில்லை. தடத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வயதான வண்டியைப் பழைய பேருந்து என்றே சொல்லலாம். இரண்டையும் மாற்றி எழுதினால் வாசகர் கவனிக்காமல் விடலாம், ஆர்வலர் விடமாட்டார்.