எரியாத பல்பின் மின்தடை

வீட்டில் பழைய குண்டு பல்பு ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் மேல் 230 வோல்ட், 100 வாட் என்று அச்சாகியிருக்கும். கணக்குப் போட இந்த இரண்டு எண்கள் போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். ஆகவே 100ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் 0.43 ஆம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. அது ஏறக்குறைய 530 ஓம். பள்ளிக்கூடத்தில் இத்துடன் மணி அடித்துவிடுவார்கள்.

இப்போது மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பல்பின் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளில் வைத்துப் பாருங்கள். 530 வராது, 40 ஓமை ஒட்டி ஏதோ ஓர் எண் வரும். முதல்முறை இதைப் பார்த்தபோது மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் பேட்டரியை மாற்றினேன். மறுபடியும் அதே 40.

மின்தடை 40 ஓம்தான் என்றால், 230 வோல்ட்டில் 5.75 ஆம்பியர் பாய்ந்து, பல்பு 1,300 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். பல இஸ்திரிப் பெட்டிகளே அவ்வளவு இழுப்பதில்லை.

மீட்டரும் பொய் சொல்லவில்லை, அச்சிட்ட எண்ணும் பொய் சொல்லவில்லை. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது அந்த டங்ஸ்டன் இழையின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை நெருங்கும். சூடு ஏற ஏற உலோகத்தின் அணுக்கள் கூடுதலாக அதிர்கின்றன. ஊடே ஓடும் எலக்ட்ரான்கள் அடிக்கடி முட்டிச் சிதறுகின்றன. அதனால்தான் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. சுவிட்சைத் தட்டிய முதல் கணத்தில் பாய்வது அந்தப் பெரிய மின்னோட்டம்தான். குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே 'டப்'பென்று உயிரை விட்டதற்கும் அதுவே காரணம்: இழையில் தேய்ந்து மெலிந்த இடம் மற்ற இடங்களை முந்திக்கொண்டு சூடாகி உருகிவிடும்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் இணைக்கும் விதி ஓம் விதி. ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் கியோர்க் ஓம் அதை 1827இல் நூலாக வெளியிட்டார். அதற்கான சோதனைகளில் அவரைப் படுத்தியதும் இப்படி நிலையாக நிற்காத அளவுகள்தாம். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் அளக்கும்போதே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பிஸ்மத், செம்பு என்ற இரு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்தச் சூட்டு வித்தியாசத்திலிருந்தே அசையாத மின்னழுத்தத்தைப் பெற்றார். எனக்கு அந்த விதியைவிட இந்த யுக்திதான் பிடிக்கும்.

வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி இவ்வளவு சேட்டை செய்யாது. அதன் நைக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலப்பு உலோகம்) சுருளின் மின்தடை சூட்டில் அதிகம் மாறுவதில்லை. 1,500 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர், மின்தடை 35 ஓம். மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் இறங்கும். இரண்டின் பெருக்கல்தானே மின்திறன், அது 920 வாட்டுக்குச் சரிந்துவிடும். ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற, 17 நிமிடத்துக்குப் பதில் 28 நிமிடம் காத்திருக்க வேண்டும். மின்கட்டணம் ஏறக்குறைய அதேதான்.

அதே 180 வோல்ட்டில் நம் குண்டு பல்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். இழை சற்றுக் குளிர்வதால் அதன் மின்தடையும் குறைகிறது. ஆகவே மின்திறன் ஹீட்டரில் விழுந்த அளவுக்கு விழாமல் 68 வாட்டை ஒட்டி நிற்கும். வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய், இழை சிவந்து அழுது வடியும்.