மேட்டில் ரிசார்ட், கீழே ஊற்று: அனுமதி விதிகளில் நாம் ஏமாறும் இடங்கள்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் ஊற்றுத் தண்ணீரை நம்பி இருக்கும் குடியிருப்புகள் இன்னும் உண்டு. மேட்டில் கட்டடம் எழும்பி ஊற்று சுருங்கிய பிறகு மனுவும் கையுமாக அலைகிறவர்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

2006-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்துக்குத்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. மலையில் வரும் காட்டேஜ்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் வராது. "அனுமதி தேவையில்லை" என்ற பதிலோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். நாலைந்து பெயரில் பிரித்துக் கட்டுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஒரே சாலை, ஒரே கழிவுநீர்த் தொட்டி, ஒரே விளம்பரப் பலகை என்றால் படம் எடுத்து வையுங்கள். அளவு தாண்டினாலும் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுவாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, சின்னக் கட்டடத்துக்கு என்ன வழி? உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாக்கா) பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலைக் கிராமம் என்பதற்காகவே எல்லா ஊரும் அதில் இருக்காது. இருந்தால் வனம், புவியியல்–சுரங்கம், வேளாண் பொறியியல் போன்ற துறைகளின் கருத்து கோப்பில் இருக்க வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பின் நகலைக் கேளுங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டதா?" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்றுதான் வரும். தள ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது என்பதையும் பாருங்கள்; கோடையில் வந்திருந்தால் ஊற்று கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

அடுத்த தடை நில வரைபடம். "எஃப்எம்பி-யில் (புல அளவீட்டு வரைபடம்) ஓடை இல்லையே" என்பார்கள். பட்டா நிலத்தில் கசியும் ஊற்று பல இடங்களில் அதில் ஏறியே இருக்காது. கூடவே 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டத்தையும் எடுத்து நீட்டுவார்கள். திட்டமான தடமில்லாமல் நிலத்தடியில் இருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு அதில் உரிமை இருக்கிறது. அதனால் "எங்கள் தண்ணீர்" என்று மட்டும் வாதாடினால் நிற்காது. ஊற்று ஓடையாக ஓடும் தடத்தைக் காட்டுங்கள். அனுமதியில்லாமல் மண் வெட்டியது, ஜேசிபி ஓட்டியது இவற்றைப் பிடியுங்கள்.

ஆதாரத்தை வேலை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். ஒரே வாளி, ஒரே இடம், நிரம்ப எத்தனை நொடி என்று மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவறவே கூடாது. மழைக்காலத்தில் அளந்ததை மட்டும் காட்டினால் "இப்போது கோடை, அதான் குறைவு" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி) சோதனையும் செய்துவிடுங்கள். மேட்டில் செப்டிக் டேங்க் வந்த பிறகு, முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அப்புறம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். மனு கொடுங்கள், ரசீதும் வாங்குங்கள். ஆனால் அது பெரும்பாலும் யார் மேல் புகாரோ அந்த அலுவலகத்துக்கே போய்ச் சேரும். பதிலுக்காகக் காத்திருக்கும் நாளெல்லாம் கெடுவில் கழிந்துகொண்டே இருக்கும். பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் வெறும் 30 நாள். இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் 60 நாள் வரை கூடுதலாகத் தரலாம், தருவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.