குமரி மாவட்டம் எந்தக் கோப்பில் இருக்கிறது?

குளச்சல் மீனவர் வீட்டில் மாதம் என்ன செலவாகிறது, குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இரத்தசோகை உண்டா என்று ஆராயக் கிளம்பினால், இந்தியாவில் குடும்பத் தரவுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலான ஆய்வுத் தரவுக் கோப்புகளில் குமரி வீடுகள் சில இருக்கும். குமரிக்காகப் பேசும் அளவுக்கு இருக்கின்றனவா என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

உடல்நலம் என்றால் தேசிய குடும்ப நல ஆய்வு. எல்லா மாவட்டங்களுக்கும் தனி மதிப்பீடு வந்தது 2015-16 நான்காம் சுற்றில்தான். ஐந்தாம் சுற்றில் (2019-21) 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகள். மாவட்டத்துக்குச் சராசரி 900. மாவட்டச் சுருக்கத்தாளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. அதை மேற்கோள் காட்டி வாதம் கட்டக் கூடாது. மூலக்கோப்பு வேண்டுமானால் பதிவு செய்து, ஆய்வு நோக்கத்தை எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

கோப்பைத் திறந்ததும் மாவட்டக் குறியீட்டைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரியின் எண் 629. பெயரை வைத்துத் தேடினால் சிக்கல்: ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு ‘என்’, இன்னோரிடத்தில் இரண்டு. இரண்டு கோப்புகளைப் பெயரால் இணைத்தால் நம் மாவட்டம் ஓசையின்றிக் காணாமல் போகும். எல்லை விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். அண்டை திருநெல்வேலியிலிருந்து 2019-ல் தென்காசி பிரிந்தது. குமரி பிரியாததால் சுற்றுக்குச் சுற்று ஒப்பிடலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் கணக்கில் எவ்வளவு கனம் தர வேண்டும் என்று சொல்லும் எடை மாறியான ‘வி005’-ஐ 10 லட்சத்தால் வகுத்த பிறகே பயன்படுத்த வேண்டும். அடுத்தது கொத்து, அதாவது ஒரே இடத்தில் சேர்த்து எடுத்த வீடுகள். தேர்வான ஒவ்வோர் இடத்திலும் 22 வீடுகள். அந்த இடம் முட்டத்தில் ஒரு கடற்கரைத் தெருவானால் 22-ம் ஏறக்குறைய ஒரே தொழில், ஒரே சாப்பாடு. ஆகவே 900 வீடு என்பது 900 தனித்தனிச் சாட்சி ஆகாது. கொத்தையும் அடுக்கையும் (மாதிரி எடுக்கும் முன் இடங்களைப் பிரித்த பிரிவுகள்) மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் பிழைவரம்பு பொய்யாகச் சுருங்கும். இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தெரியும். ஆண்களிடம் கேட்டவையும் குடும்ப வன்முறைக் கேள்விகளும் 15 விழுக்காடு வீடுகளில் மட்டும் கேட்கப்பட்டவை. அவை மாநிலத்துக்குத்தான் போதும்.

கொத்தின் இருப்பிடமும் வேண்டுமென்றே நகர்த்தித்தான் தரப்படுகிறது. நகரத்தில் 2 கி.மீ. வரை, கிராமத்தில் 5 கி.மீ. வரை, கிராமக் கொத்துகளில் நூற்றில் ஒன்று 10 கி.மீ. வரை. குமரியில் 2 கி.மீ. உள்ளே போனாலே கடல் முடிந்து தென்னந்தோப்பு வந்துவிடும். ‘கடலிலிருந்து தூரம்’ என்று ஒரு மாறியை இதிலிருந்து உருவாக்காதீர்கள்.

செலவு என்றால் தேசிய மாதிரி ஆய்வின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு. 2022-23-ல் 2,61,746 வீடுகள். அரசின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்தால் இலவசம். வருவது இடைவெளியோ காற்புள்ளியோ இல்லாத எண்வரிசை. எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை எந்த மாறி என்பது தனி அட்டவணையில் இருக்கும். ஓர் இலக்கம் பிசகினால் மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) கொடுத்த காசு வேறு பண்டத்தின் கணக்கில் ஏறும். சரிபார்க்க எளிய வழி: தமிழ்நாட்டு வீடுகளின் எடையை 100-ஆல் வகுத்துக் கூட்டுங்கள், தமிழ்நாட்டின் மொத்த வீடுகளுக்கு அருகில் வர வேண்டும். வலையிலிருந்து வீட்டுக்கு வரும் மீனுக்கும் மதிப்புப் போடப்பட்டிருக்கும். ரொக்கச் செலவு மட்டும் வேண்டுமென்றால் பிரித்தெடுக்க வேண்டும். மாவட்டக் குறியீடு இருந்தாலும் அந்த மாதிரி மாநில அளவுக்கு வடிவமைத்தது. மாவட்டத்தை அடிப்படை அடுக்காக வைப்பது 2025 ஜனவரிக்குப் பிந்தைய ஆய்வுகளில்தான்.

‘நகரம்’, ‘கிராமம்’ என்ற பிரிப்பை இங்கே அப்படியே நம்ப முடியாது. 2011 கணக்கில் குமரி மக்களில் 82 விழுக்காட்டுக்கு மேல் நகரவாசிகள். ரப்பர் தோட்டம் சூழ்ந்த பேரூராட்சியும் அதில் நகரம்தான்.

ஒரே குடும்பத்தை இரண்டு முறை பார்த்த தரவு வேண்டுமா? இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2004-05-ல் 41,554 வீடுகளையும் 2011-12-ல் 42,152 வீடுகளையும் கண்டது. பெரும்பாலானவை பழைய வீடுகளே. இதில் வருமானமும் உண்டு. குடும்ப நல ஆய்வு வருமானத்தைக் கேட்பதில்லை. சுவர், கழிப்பறை, வாகனம் முதலியவற்றை எண்ணிச் சொத்துக் குறியீடு போடும். வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடும் வட்டிக் கடனில் கட்டிய வீடும் அதில் ஒரே படியில் நிற்கும்.