எல்லையோரத்தில் நோயைக் கணக்கெடுக்கக் கற்பது

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலைகளில் எங்கே கேரளம் முடிகிறது, எங்கே தமிழ்நாடு தொடங்குகிறது என்பதைச் சோதனைச்சாவடியை வைத்துத்தான் சொல்ல முடியும். இரு பக்கமும் பனைமரம், இரு பக்கமும் தமிழ், பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரு பக்கமும்தான். உடம்பு சரியில்லாதவர் எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவார் என்பதை அந்த நேரத்துக்குக் கிடைக்கும் பஸ்ஸும், அங்கே தங்க இடம் கொடுக்கும் சொந்தக்காரரும் தீர்மானிக்கிறார்கள். இந்தப் பகுதியில் பொதுச் சுகாதாரப் பணியில் இருக்கும் நான், கள எபிடமியாலஜி, அதாவது நோய் எங்கே, யாருக்கு, எப்படிப் பரவுகிறது என்று ஊருக்குள் போய்த் துப்புத்துலக்கும் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டியாகவும் இருக்கிறேன். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டுப் பேப்பரும் பேனாவுமாக வீடு வீடாகப் போவதற்கு இரண்டு வருடப் படிப்பு எதற்கு என்று அவர்களுடைய வீட்டாரும், ஏன், சக மருத்துவர்களுமே கேட்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வகைப் பயிற்சிக்கு முன்னோடி, அமெரிக்காவில் 1951இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய பயிற்சித் திட்டம். கொரியப் போர்க்காலத்தில் கிருமி ஆயுதப் பயத்தைக் காட்டிப் பணம் வாங்கி, அன்றாடக் கொள்ளைநோய்களைத் துப்புத்துலக்கும் மருத்துவர்களை அவர் உருவாக்கினார். நம் பக்கத்தில், சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001இல் இரண்டாண்டுக் களப்பயிற்சியைத் தொடங்கியபோது, பட்டம் வழங்கியது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். எல்லைக்கு இரு பக்கமும் கால் வைத்துத்தான் இந்தப் படிப்பு இங்கே பிறந்தது என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் சொல்வதுண்டு. டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2012 முதல் இதே போன்ற ஒரு பயிற்சியை நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும் வகுப்பறை குறைவுதான், பெரும்பகுதி களம். கொள்ளைநோய் ஒன்றை விசாரிக்க வேண்டும், நோய்க் கண்காணிப்பு முறை ஒன்றை மதிப்பிட வேண்டும், கையில் இருக்கும் புள்ளிவிவரத்தை அலச வேண்டும், ஓர் ஆய்வைத் தானே வடிவமைத்து முடிக்க வேண்டும், இவை ஒவ்வொன்றையும் எழுதி, பலர் முன்னிலையில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவக் கல்லூரி நமக்கு நோயாளியைப் பார்க்கக் கற்றுத் தருகிறது. நோய் வராதவரைப் பார்க்க அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. கணக்குக்காக ஓர் உதாரணம்: ஒரு விசேஷத்தில் 120 பேர் சாப்பிட்டார்கள், அவர்களில் 36 பேருக்கு வயிற்றுப்போக்கு. அந்த 36 பேரில் 30 பேர் மோர் குடித்தவர்கள் என்றதும் மோர்தான் காரணம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நன்றாக இருக்கும் 84 பேரிடமும் போய்க் கேட்காமல் அதை எழுத முடியாது. மோர் குடித்த 60 பேரில் 30 பேருக்கும், குடிக்காத 60 பேரில் 6 பேருக்கும் நோய் வந்திருந்தால், 50 சதவீதத்துக்கு 10 சதவீதம், அதாவது ஐந்து மடங்கு. மாறாக, விசேஷத்துக்கு வந்தவர்களில் 100 பேர் மோர் குடித்திருந்தால், 100க்கு 30, 20க்கு 6, இரண்டு பக்கமும் 30 சதவீதம். மோருக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருப்பதாகவே சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்த 36 பேர் இரண்டு கணக்கிலும் அதே ஆட்கள்தான்.

எல்லையோரத்தில் இந்தக் கணக்கு வேறு விதமாகவும் உதைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், எங்கள் கேரளப் பக்கத்தில், லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஒரு குடியிருப்பில் வயிற்றுப்போக்கு பரவியது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கோவில் பந்தி நடந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டின்படி முதல் நோயாளி திங்கள் விடியற்காலை வந்திருந்தார். சமையல்காரரைத் திட்டாதவர் இல்லை, பாக்கிக் கூலியைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அப்போது என்னிடம் பயிற்சியில் இருந்தவர் கோட்டயம் பக்கத்துக்காரர், தமிழ் அரைகுறை. தயாரித்து வைத்திருந்த மலையாளப் படிவத்தை வைத்து, மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டியிடம், "வெள்ளம் எவிடெந்நா எடுக்குந்நது, அம்மே?" என்று கேட்டார். "வெள்ளமா? எங்கூர்ல ஏது கண்ணு வெள்ளம், கெணறே காஞ்சு கெடக்குது" என்று பதில் வந்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், அந்த மூதாட்டிக்கோ அது பெருக்கெடுத்து ஓடுவது. குடிதண்ணீரைப் பற்றிய ஒரே கேள்வி அந்த வீட்டில் அப்படியே போயிற்று. அன்று ராத்திரியே படிவத்தைத் தமிழில் எழுதினோம். பேதி என்பதா, வயித்தால போகுது என்பதா என்று ஆஷா பணியாளரிடம் கேட்டுக் கேட்டு எழுதினோம்.

மறுநாள் தமிழ்ப் படிவத்தோடு திரும்பப் போனபோதுதான், "எங்க பெரியவனுக்கு முன்னாடியே ஆச்சுங்க, மாமன் வீட்டுக்குப் போயி அங்க பெரியாஸ்பத்திரில காட்டுனோம்" என்று ஒரு தாய் சொன்னார். அந்தப் பெரியாஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம். போனில் கேட்டபோது, முறைப்படி கடிதம் அனுப்புங்கள் என்றார்கள். எங்கள் பக்கத்து அலுவலகத்திலோ, வேறு மாநிலத்துக்குக் கடிதம் போட நமக்கு அதிகாரமில்லை என்றார்கள். இரண்டும் விதிப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் மூன்று நாள் போனது போனதுதான். கடைசியில் பயிற்சி மருத்துவர் பஸ் ஏறிப் போய், அங்கிருந்த செவிலியர் கண்காணிப்பாளரிடம் நேரில் பேசி அனுமதி வாங்கி, புறநோயாளிப் பதிவேட்டின் முன் உட்கார்ந்தார். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு பேர் அதில் இருந்தார்கள். முகவரிக் கட்டத்தில் நான்கு பேருக்குமே தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் வீட்டு முகவரி. கேரளத்துக் கணக்கில் அவர்கள் இல்லை. தமிழ்நாட்டுக் கணக்கில் வெவ்வேறு ஊர்களில் ஒற்றை ஒற்றை வயிற்றுப்போக்காகச் சிதறிக் கிடந்ததால், அங்கேயும் யார் கண்ணிலும் படவில்லை.

நான்கு பேருக்கும் நோய் தொடங்கியது சனிக்கிழமை ராத்திரி. பந்தி ஞாயிற்றுக்கிழமை. அந்த நான்கு வரிகளை லைன் லிஸ்டில், அதாவது நோயாளிக்கு ஒரு வரி என்று எழுதும் பட்டியலில், சேர்த்ததும் பந்திக் கதை நின்றுபோயிற்று. நாங்கள் வெள்ளிக்கிழமை வந்த லாரித் தண்ணீரின் பக்கம் திரும்பினோம். அந்தத் தண்ணீரைப் பிடித்த வீடுகளில் நோய் அதிகம், சொந்தக் கிணறு உள்ள வீடுகளில் குறைவு. ஆனால் ஆய்வகத்துக்குப் போன மாதிரி சுத்தமாக வந்தது, ஏனென்றால் முந்தின நாளே யாரோ நல்ல மனசோடு தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை எவ்வளவு இருந்தது என்பதை இனி யாரும் அளக்க முடியாது. "தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், உறுதிப்படுத்த இயலவில்லை" என்றுதான் பயிற்சி மருத்துவர் அறிக்கையில் எழுதினார். அந்த ஒரு வாக்கியத்தை அப்படி எழுத வைப்பதற்குள், முதல் வரைவில் இருந்த "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லை நான் மூன்று முறை அடித்தேன். வழிகாட்டி என்பவரின் வேலையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். வழிகாட்டி கிடைக்காத இடத்தில் பயிற்சிக்கு வருபவர் கூட்டக் குறிப்பு எழுதும் கூடுதல் குமாஸ்தா ஆகிவிடுகிறார். அப்படி வீணாய்ப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இது ஏதோ ஒரு மூலையின் பிரச்சினை அல்ல. 2021 ஜூலையில் கேரளத்தில் கொசுவால் பரவும் சிக்கா வைரஸ் தொற்று முதலில் உறுதியான பெண், தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளைக்குக் கேரளப் பக்கம் இருக்கும் பாறசாலையைச் சேர்ந்தவர். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சோதனைச்சாவடியில் நிற்பதில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது, ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நடைவழியில் யார் எந்த நேரத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் தொற்றிய பாதையை வரைந்தார்கள். அதற்குத் தேவைப்பட்டதும் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஆட்கள்தான்.

சேர விரும்பும் இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்வேன். தகுதி விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அறிவிக்கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்களைக் களத்துக்கு அனுப்பும் இடத்தில் வழிகாட்டி யார், அவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களோடு உட்காருவார் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பயிற்சி நடத்துபவர்களுக்கும் ஒன்று: எல்லை மாவட்டத்தில் இருப்பவரை ஒரு மாதமாவது பக்கத்து மாநிலத்தின் மாவட்ட அலுவலகத்தில் உட்கார வையுங்கள். அந்த அறிமுகம் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

அந்தப் பயிற்சி மருத்துவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். போகும் முன் எங்கள் படிவத்தில் முகவரிக் கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டு, இரண்டு மொழியிலும் ஒரு கேள்வி எழுதிவிட்டுப் போனார்: "கடந்த மூன்று ராத்திரி எந்த ஊரில் தூங்கினீர்கள்?"