திங்கக்கிழமை ரோடு திறக்குது, லயத்துல யாரு ஸ்வாப் எடுக்கிறது?

நான் இலங்கையில ஹட்டன் பக்கத்துல வேலை செய்ற ஒரு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பொறந்து வளர்ந்ததும் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துலதான், காம்பரான்னு சொல்ற சின்னச் சின்ன வீடுகள ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை அது. வர்ற திங்கக்கிழமை, 2021 ஜூன் 21, விடியக்காலம் 4 மணிக்கு, கொரோனாவுக்காகப் போட்ட பயணத்தடைய எடுக்கிறாங்க. ஒரு மாசமா மூடிக் கிடந்த ஊரு. கடைக்காரங்க கஷ்டம் எனக்குத் தெரியும், அன்னன்னைக்கு ஓடினாத்தான் அடுப்பு எரியும்னு இருக்கிற த்ரீவீல் தம்பிமாரையும் தெரியும், அதனால திறக்கவே வேணாம்னு சொல்றதுக்கு நான் இத எழுதல. ஆனா திறக்க முந்தி எத்தனை பேரச் சோதிச்சோம், திறந்த பொறகு யாரை, எங்க, எப்படிச் சோதிக்கப் போறோம்னு யாருமே கேக்கிறதா தெரியல. அதுதான் எனக்குத் தூக்கம் வராம அடிக்குது.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். 2020 மார்ச் 20ஆம் தேதி ஊரடங்கு போட்டாங்க, நாடே வீட்டுக்குள்ள இருந்துச்சு, தோட்டத்துல மட்டும் கொழுந்து பறிக்கிறது நிக்கல, நம்ம ஆளுக காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க. ஜூன் 28 ஊரடங்க முழுசா எடுத்தாங்க. அதுக்குப் பொறகு கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்துல கொத்தா பல பேருக்கு வந்துச்சு, அத அடக்கினாங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு மாஸ்க்க கழட்டி பாக்கெட்டுல வச்சோம், கல்யாணம், சடங்கு எல்லாம் நடந்துச்சு. அக்டோபர் ஆரம்பத்துல மினுவாங்கொட பக்கம் உடுப்புத் தைக்கிற ஒரு காமன்ட்ல வேலை செஞ்ச ஒரு பொண்ணுக்கு பொசிடிவ்னு வந்து, அங்க தேடத் தேட ஆயிரம் பேருக்கு மேல வந்துச்சு. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்னு இருக்கு. ஆயிரம் பேருக்கு ஒரே நாள்ல தொத்தல, அது பல நாளா உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டு இருந்திருக்கு, நம்ம தேடாததால நமக்குத் தெரியல. அதே மாசம் கொழும்புக்குப் பக்கத்துல பேலியகொட மீன் சந்தையிலயும் பரவுச்சு. மீன் ஏத்தின லொறி மலை ஏறி வந்துச்சு, கூடவே நோயும் வந்துச்சு, ஹட்டன் டவுன மூட வேண்டியதாச்சு.

அந்த நவம்பர் 14 தீபாவளி. கொழும்புல கடை, ஹோட்டல், வீட்டு வேலைன்னு இருக்கிற நம்ம புள்ளைக ஊருக்கு வராம இருக்குமா? வராதீங்கன்னு சொல்லிப் பார்த்தோம், வந்தாங்க. அம்மா அப்பாவ பார்க்க வர்ற புள்ளைய குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது.

தீபாவளி முடிஞ்சு ஒரு தோட்டத்துல ஸ்வாப், அதாவது சோதனைக்கு மூக்குச் சளி எடுக்கப் போனோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துல மூணு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை, ஐஸ் பெட்டி. மூடுபனி, அதோட பொடித்தூறல், போட்டிருந்த வெள்ளை உடுப்புக்குள்ள வேர்வை, கண்ணாடியில ஆவி படிஞ்சு ஆள் முகமே தெரியல. குழாய் மேல பேர் எழுதின ஸ்டிக்கர் தூறல்ல நனைஞ்சு மை ஓட ஆரம்பிச்சுருச்சு, கூட வந்த தம்பி ஒவ்வொன்னையும் துடைச்சு, மேல பிளாஸ்டர் ஒட்டி, திரும்ப பென்சிலால எழுதினான். ஒரு பேர் மாறினா ஒரு குடும்பமே மாறிப்போகும்ல. லிஸ்ட்டுல எழுபத்திரண்டு பேர். வந்தது நாப்பத்தொன்னு.

மத்த ஆளுக எங்கன்னு கேட்டா, கொழுந்து பறிக்க மலைக்குப் போய்ட்டாங்களாம், சிலர் கதவச் சாத்திக்கிட்டு உள்ளுக்குள்ளயே இருந்திருக்காங்க. ஒரு அக்கா ஸ்வாப் எடுத்ததும் கூடைய மாட்டிக்கிட்டு நேரா மலைக்குக் கிளம்பினா. ரிப்போட் வர்ற வரைக்கும் வீட்ல இருங்க அக்கான்னு சொன்னேன். அவ கேட்டா, "தம்பி, வீட்ல இருந்தா இன்னைக்குப் பேர் போடுவீங்களா?"

பேர் போட்டாத்தான் அன்னைக்குச் சம்பளம். என்கிட்ட பதில் இல்ல. உடம்புக்கு ஒன்னும் இல்லாட்டி பயப்படாதீங்கன்னு ஏதோ சொல்லி சமாளிச்சேன். அத நான் சொல்லியிருக்கக் கூடாது, இருமல் காய்ச்சல் இல்லாதவங்களும் பரப்புவாங்கன்னு தெரிஞ்சே சொன்னேன். அவ ரிப்போட் வர ஆறு நாள் ஆச்சு. பொசிடிவ். அந்த ஆறு நாளும் அவ பிரட்டுல நின்னுருக்கா, கொழுந்து நிறுக்க வரிசையில நின்னுருக்கா, பொழுது சாய்ஞ்சு பீலியில தண்ணி புடிச்சிருக்கா, பக்கத்துக் காம்பராவுல செத்த வீட்டுக்கும் போயிருக்கா. அந்த லயத்துல காம்பரா பன்னிரண்டு, அதுல ஏழு காம்பராவுக்கு நோய் போச்சு. ஏழாம் காம்பராவுல ஒரு தாத்தா, அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரல.

இந்தக் கதைய மனசுல வச்சுக்கிட்டுத்தான் சோதனையப் பத்தி சொல்றேன்.

ரெண்டு வகை இருக்கு. பி.சி.ஆர்ல மூக்குக்குள்ள ஆழத்துல இருந்து எடுத்த சளியில கிருமியோட மரபுப் பொருள் கொஞ்சமா இருந்தாலும் அதப் பெருக்கிப் பெருக்கிக் கண்டுபிடிச்சுருவாங்க, அதுக்கு லேப் வேணும், நேரம் வேணும். அன்டிஜன்ல கிருமியோட புரதத்தைத் தேடுறாங்க, கால் மணி, அரை மணி நேரத்துல கோடு விழும், எடுத்த இடத்துலயே பார்க்கலாம். ஆனா கிருமி கொஞ்சமா இருக்கிற நேரம் தப்ப விட்டுரும். பி.சி.ஆர்தான் ஒசத்தி, அன்டிஜன் சும்மான்னு நம்ம ஆளுகளுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. நான் அப்படி நினைக்கல. ஆறு நாள் கழிச்சு வர்ற பி.சி.ஆர விட, நோய் நல்லா பரப்புற நிலையில இருக்கிற ஆளை அரை மணி நேரத்துல காட்டிக் குடுக்கிற அன்டிஜன் லயத்துக்கு ரொம்பத் தேவை. அந்த அக்காவுக்கு அன்னைக்கு அது இருந்திருந்தா அந்த ஏழு காம்பரா கதையே வேற.

அடுத்தது நெகடிவ் சிட்டை. போன டிசம்பர்ல இருந்து கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்து எல்லையில அங்கங்க நிப்பாட்டி அன்டிஜன் பார்த்தாங்க. அத எடுத்துட்டு வந்த பையன் சிட்டைய மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு, எனக்கு இல்ல, நான் எங்கயும் போகலாம்னு சுத்துறான். அது அப்படி இல்ல தம்பி. கிருமி உள்ள போன அன்னைக்கே எந்த டெஸ்ட்டுலயும் காட்டாது. பெரும்பாலும் அஞ்சு நாள் போல ஆகும் வெளிய தெரிய, சிலருக்கு 14 நாள் வரைக்கும் இழுக்கும், அறிகுறி வர ரெண்டு நாள் முந்தியே அடுத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சுரும். காலையில பஸ்ல பக்கத்துல இருந்தவன்கிட்ட இருந்து தொத்திருந்தா, பின்னேரம் எடுக்கிற டெஸ்ட்டுல நெகடிவ்னுதான் வரும். அந்தச் சிட்டை அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

இப்ப திறக்கிற கணக்கு. நம்ம பக்கம் இன்னைக்கு கேஸ் கொறைவு, திறக்கலாம்னு சொல்றாங்க. கேஸ் கொறைவா, டெஸ்ட் கொறைவா? சும்மா ஒரு கணக்குக்கு, தோட்டத்துல ரெண்டு டிவிசனை, அதாவது ரெண்டு பிரிவை எடுத்துக்குங்க. மேல் டிவிசன்ல இருநூறு பேரச் சோதிச்சு ஆறு பேருக்கு பொசிடிவ். கீழ் டிவிசன்ல இருபது பேரச் சோதிச்சு அஞ்சு பேருக்கு பொசிடிவ். அறிக்கையில ஆறுதான் பெருசு, அஞ்சு சின்னது. ஆனா மேல நூத்துக்கு மூணு, கீழ நூத்துக்கு இருபத்தஞ்சு, அதாவது கீழ எந்தக் கதவத் தட்டினாலும் நோய் இருக்கு, நம்மதான் தட்டல. உலக சுகாதார அமைப்பு 2020 மே மாசமே ஒரு அளவு சொன்னாங்க, நல்லா பரவலா சோதிச்சும் நூத்துக்கு 5க்குக் கீழ, அதுவும் ரெண்டு கிழமை தொடர்ந்து இருந்தாத்தான் திறக்கிறதப் பத்தி யோசிக்கலாம்னு. நாட்டுல இன்னும் நாளுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல கேஸ் வருது, இந்தக் கிழமைதான் கொழும்பு தெமட்டகொடையில டெல்டாங்கிற புது வகைக் கிருமியக் கண்டுபிடிச்சதா சொன்னாங்க. சித்திரைப் புத்தாண்டுக்கு என்ன நடந்துச்சுன்னு மறக்க ஏலுமா? ஏப்ரல் நடுவுல நாளுக்கு ஒரு இருநூறு, ஒரு மாசம் போகல, ரெண்டாயிரத்தத் தாண்டிருச்சு. அது அல்பா வகை. டெல்டா அதை விட வேகமாப் பரவுதுன்னு சொல்றாங்க.

மலையில கொழுந்து பறிக்கிறது எனக்குப் பெரிய பயம் இல்ல. காத்தோட்டமான இடம், ஆளுக்கு ஒரு நிரை. பயமெல்லாம் பிரட்டுக்களம், நிறுக்கிற இடம், ஆளுகள அடைச்சு ஏத்திப் போற டிராக்டர், சின்னப் புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ளக் காம்பரா, அப்புறம் லயம். வெள்ளைக்காரன் காலத்துல கட்டின காம்பரா, ஒரே கதவு, குளிருக்கு அதையும் அடைச்சு வச்சிருப்பாங்க, உள்ள விறகு அடுப்புப் புகை, ஏழெட்டுப் பேர். இவங்ககிட்ட போய் தனி ரூம்ல இருங்க, தனி கக்கூஸ் பாவிங்கன்னு நான் சொல்லணுமாம். சொல்லும்போதே நாக்கு கூசும். கொழும்புல இப்ப வீட்லயே வச்சுப் பார்க்கிற முறை ஆரம்பிச்சிருக்காங்க, அது லயத்துக்கு ஒத்து வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், சும்மா கிடக்கிற பங்களா, இதுல ஒன்ன இப்பவே ஒதுக்கி வைக்கணும், கேஸ் வந்த பொறகு சாவி தேடக் கூடாது.

தோட்டத்த நடத்துற துரைமாருக்கும், சங்கத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்வாப் எடுத்த நாளுக்கும், ரிப்போட் வர்ற வரைக்கும் பேர் போடுங்க. ஆயிரம் ரூபா சம்பளம் வந்த பொறகு எங்க பக்கம் இத்தனை கிலோ பறிச்சாத்தான் முழுப் பேர்ங்கிற பிரச்சினையால, அரை நாள் சம்பளம்தான் வரும்னு அரைப் பேருக்கே நம்ம ஆளுக பயப்படுறாங்க, அதுல டெஸ்ட்டுக்கு வா, ரெண்டு கிழமை வீட்ல இருன்னா யாரு வருவா? தனிமைப்படுத்தின வீட்டுக்குப் பத்தாயிரம் ரூபா சாமான் குடுக்கிறதா அரசாங்கம் சொன்னது, அது பதினாலாம் நாள் வந்து என்ன பிரயோசனம், முதல் நாளே அரிசி மாவு வாசல்ல இருந்தா ஆள் வெளிய வர மாட்டாங்க. அதோட, பொசிடிவ் வந்த வீட்ட போன்ல படம் எடுத்து பேஸ்புக்ல போடுறத தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. ஒரு படம் போட்டா அடுத்த நாள் அந்த லயத்துல ஒருத்தரும் மூக்கக் காட்ட மாட்டாங்க, இத நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஊருக்கு வர்ற புள்ளைகளுக்கு: வர்றதுன்னா முந்தியே எங்களுக்கோ, தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ ஒரு போன் போடுங்க, யாரும் புடிச்சுக் கொண்டு போக மாட்டோம். வந்த அன்னைக்கு நெகடிவ்னாலும் பாட்டி தாத்தா படுக்கிற காம்பராவுல படுக்காதீங்க, கதவு திறந்து இருக்கட்டும், தேத்தண்ணிக் கோப்பைய தனியா வச்சுக்குங்க. அஞ்சாம் ஆறாம் நாள்ல ஒருக்கா டெஸ்ட் எடுங்க. மணம் தெரியாம போறது, உடம்பு அலுப்பு, லேசா தொண்டை கரகரப்பு, இதெல்லாம் மழைக் குளிருன்னு விடாதீங்க. மூச்சு வாங்கினா கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரி.

அந்த ஆறு நாள் அக்கா நேத்து எனக்கு போன் பண்ணினா. மகன் கொழும்பு புறக்கோட்டையில கடையில நிக்கிறான், திங்கக்கிழமை பஸ்ல வர்றானாம். "தம்பி, எத்தனாம் நாள் ஸ்வாப் எடுக்கணும்?"னு கேட்டா. சனிக்கிழமைன்னு சொன்னேன். அதுவரைக்கும் அவன மேல் லயத்துல சும்மா கிடக்கிற கடைசிக் காம்பராவுல வைக்க, தானே கூட்டிக் கழுவி வச்சிட்டாளாம். டயரியில 26ஆம் தேதிப் பக்கத்துல அவன் பேர எழுதி வச்சிருக்கேன், அன்டிஜன் கிட் ஒன்னுக்கும் ஒபிஸ்ல சொல்லிட்டேன்.