மலையும் மடுவும் அல்ல, ஒவ்வா ஒப்பீடு

கொழும்புத் துறைமுகத்தையும் எங்கள் துறைமுகத்தையும் ஒப்பிடுவது அப்பிளையும் தோடம்பழத்தையும் ஒப்பிடுவது போல என்று, திருகோணமலையில் நடந்த கூட்டமொன்றில் பேச்சாளர் ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்த்தவர் அதை "இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார். பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி, "அப்ப எங்கட துறைமுகம் மடுவோ?" என்று கேட்டார். அவர் கோபப்பட்டது சரி. பேச்சாளர் நினைக்காத இழிவைத் தமிழ் சொல்லிவிட்டது.

ஆங்கிலத்தில் பழைய சோடி அப்பிளும் சிப்பியும். 1670இல் ஆங்கிலேய அறிஞர் ஜோன் ரே தொகுத்த பழமொழிகளில் அதைக் காணலாம். சிப்பியின் இடத்தைத் தோடம்பழம் பிடித்தது பிற்பாடு. ஜேர்மன்காரர் அப்பிளையும் பேரிக்காயையும் சொல்வார்கள். கருத்து ஒன்றுதான்: இனம் வேறான இரண்டை ஒரே அளவால் அளக்காதே. எது உயர்ந்தது என்ற பேச்சே அங்கு இல்லை.

மலை, மடு என்பதோ ஒப்பிட்டு முடித்த பிறகு சொல்லும் சொல். இரண்டையும் உயரம் என்ற ஒரே கோலால் அளந்தாயிற்று, ஒன்று மேலே, மற்றது கீழே என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. 'ஏணி வைத்தாலும் எட்டாது' என்பதும் அதே சாதி. ஒப்பிடாதே என்று வந்ததை, ஒப்பிட்டோம், ஒன்று தோற்றது என்று மாற்றுவது மொழிபெயர்ப்பே அல்ல. சிலர் 'மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு' என்கிறார்கள். அது தொடர்பில்லாததைத் தொடர்புபடுத்துபவரைக் கண்டிப்பது. இங்கே இரண்டும் துறைமுகங்கள். தொடர்பு இருக்கிறது, அளவைதான் பிழை.

'ஆப்பிளையும் ஆரஞ்சையும்' என்று அப்படியே எழுதுபவர்களும் உண்டு. எங்கள் சந்தையில் ஆரஞ்சு என்று யார் கேட்கிறார்கள்? தோடம்பழம் என்று திருத்தினாலும், "இரண்டும் பழம்தானே, ஒப்பிட்டால் என்ன?" என்றுதான் வாசகர் கேட்பார். அந்த வகையில் சிப்பியே தெளிவு.

நம் இலக்கணம் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்தது. தேங்காயை எண்ணுகிறோம், மீனை நிறுக்கிறோம், எண்ணெயை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். ஆகவே பேச்சுக்கு 'முழக்கோலால் எண்ணெய் அளக்கிற வேலை' என்பேன். எழுத்துக்கு 'ஒவ்வா ஒப்பீடு'. ஒவ்வாமை என்றதும் தோலில் தடிப்பதுதான் பலருக்கு நினைவு வருகிறது; ஒவ்வுதல் என்றால் ஒத்தல், பொருந்துதல். நல்ல பழைய சொல்லை மருத்துவத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒப்பீடு என்ற சொல்லையே நாம் மலிவாக்கிவிட்டோம். "ஒப்பீட்டளவில் மழை குறைவு" என்று செய்தியில் வாசிக்கிறார்கள். எதனோடு ஒப்பிட்டு? போன வருடத்தோடா, மட்டக்களப்போடா? சொல்வதில்லை. இரண்டு பொருள் ஒன்றாக வந்தாலே மலையையும் மடுவையும் கைக்கு எடுப்பதும் இதே அவசரத்தால்தான்.

கொழும்பு, 1875இல் அடிக்கல் நாட்டி அலைதடுப்புச் சுவர் கட்டி ஆக்கிய துறைமுகம். இன்று கொள்கலன்களை எண்ணிப் பெருமை பேசுகிறது. எங்களுடையது இயற்கை தந்த ஆழம். கடற்றொழிலாளர் அதைப் பாகக் கணக்கில் சொல்வார்கள்; பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த நீளம். "அங்கே பெட்டிக் கணக்கு, இங்கே பாகக் கணக்கு, ஒரே கோலால் அளக்கேலாது" என்று அன்று மொழிபெயர்த்திருந்தால் அந்த ஐயா எழும்பியிருக்கமாட்டார்.