சைலன்சரின் கழுத்து: நேர் மரையா, விரைவுப் பூட்டா?

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயையும் சைலன்சர் என்கிறோம், ரைபிள் குழலின் நுனியில் மாட்டும் ஒலியடக்கியையும் சைலன்சர் என்கிறோம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: அழுத்தத்தோடு வெளியே பாயும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, ஆற்றி அனுப்புகின்றன. 1909-ஆம் ஆண்டில் துப்பாக்கி ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஹைரம் பெர்சி மாக்சிம், இதே கொள்கையை எஞ்சின்களின் இரைச்சலைக் குறைக்கவும் பயன்படுத்தினார். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மகன் அவர்.

ரைபிள் குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில், அதன் பின்னால் வரும் வாயு வளிமண்டலத்தைப் போலப் பல நூறு மடங்கு அழுத்தத்தில் இருக்கும். அது சட்டென்று விரிவதுதான் 160 டெசிபலைத் தாண்டும் அந்த வெடியோசை. ஒலியடக்கி இதில் ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. கணநேர ஓசைக்குக் காது தாங்கும் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 140 டெசிபல் என்பதால், இந்தக் குறைப்பு செவித்திறனைக் காக்கும் அளவுக்குப் பெரியது. ஆனால் ஒலியின் வேகத்தைவிட வேகமாகச் செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும்போது எழும் 'சடார்' ஓசையை எந்த ஒலியடக்கியாலும் தொட முடியாது. திரைப்படங்களில் கேட்கும் மெல்லிய 'புஸ்' ஓசைக்கும் உண்மைக்கும் தொடர்பு கிடையாது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் எத்தனை டெசிபல் குறையும் என்றே கேட்கிறார்கள். அதற்கு இணையான கவனம் பெறவேண்டியது, ஒலியடக்கி குழலோடு சேரும் கழுத்துப் பகுதி. அங்கே இரண்டு வழிகள் உள்ளன. குழல் நுனியில் வெட்டப்பட்ட மரையில் ஒலியடக்கியை நேரடியாகத் திருகுவது ஒன்று. குழல் நுனியில் ஓர் இணைப்பியை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, அதன்மேல் ஒலியடக்கியை ஓரிரு சுற்றில் பூட்டுவது மற்றொன்று.

நேர் மரை முறையில் மரையின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. ஒலியடக்கியை நேராக நிறுத்துவது, மரை முடியும் இடத்தில் குழலைச் சுற்றி இருக்கும் தட்டையான தோள்பகுதி. மரைப் பற்களுக்கிடையே எப்போதும் சிறிது தளர்வு இருக்கும். தோளில் போய் முழுவட்டமாக அழுந்தி உட்கார்ந்த பிறகுதான் ஒலியடக்கி நேராகிறது. இதன் நுட்பத்தை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். தோளின் விட்டம் 19 மில்லிமீட்டர் என்றும், ஒலியடக்கியின் நீளம் 20 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். தோளின் ஒரு பக்கத்தில் 0.03 மில்லிமீட்டர் தடிப்பில், அதாவது தலைமுடியின் பாதி அளவுக்கு, ஒரு கரித்துகள் ஒட்டியிருந்தால் ஒலியடக்கி ஏறத்தாழ 0.1 பாகை சாய்கிறது. மறுமுனையில் அந்தச் சாய்வு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் விலகலாக வளர்ந்துவிடும். 7.8 மில்லிமீட்டர் குண்டு ஒலியடக்கியின் 9 மில்லிமீட்டர் துளை வழியே செல்லும்போது, அதற்கு ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடைவெளியே 0.6 மில்லிமீட்டர்தான். ஒரு துகள் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. தடிப்பு ஒரு முழுத் தலைமுடி அளவுக்கு ஆனால், குண்டு உள்ளிருக்கும் தடுப்புத் தட்டில் உரசும். ஒலியடக்கி பிளந்துபோகவும் கூடும்.

விரைவுப் பூட்டில் நல்ல வகைகள் இந்தச் சிக்கலைக் கூம்புச் சரிவால் தீர்க்கின்றன. இணைப்பியின் வெளிப்புறமும் ஒலியடக்கியின் உட்புறமும் ஒரே சரிவில் கடையப்பட்டிருப்பதால், கண்ணாடிப் பாட்டிலின் வாயில் மூடி அமர்வதுபோல, இறுக்க இறுக்க ஒலியடக்கி தானே நடுவுக்கு வந்து சேரும். சரிவு இறுகிப் பொருந்துவதால் வாயு கசிவதும், கரி மரைக்குள் புகுவதும் குறைகின்றன. சரிவை நம்பாமல் பற்களையும் வில்சுருளையும் கொண்ட கொக்கியால் மட்டும் பிடிக்கும் பூட்டுகளும் உண்டு. அவை மாட்டும்போது விரைவானவை. தேயத் தேய ஆட்டம் கண்டுவிடும் என்பதால் எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு.

சுடும்போது குழல் நேராக நிற்பதில்லை. தட்டிவிட்ட இரும்புக் கம்பி போல அதிர்கிறது. அதன் நுனியில் அரைக் கிலோ அளவுக்கு எடை ஏறும்போது அதிர்வின் போக்கு மாறுகிறது, குண்டு படும் இடமும் இலக்கில் சற்று நகர்கிறது. இந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் ரைபிளின் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திருத்தி ஈடுகட்டிவிடலாம். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே ஒரு பூட்டு நல்லதா என்று கேட்பதன் பொருள், கழற்றி மாட்டிய பின் அது பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று கேட்பதுதான். எத்தனை நொடியில் மாட்டலாம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

வெப்பமும் கணக்கில் வருகிறது. தொடர்ந்து சுட்டால் ஒலியடக்கி பல நூறு பாகை செல்சியசுக்குச் சூடேறும். எஃகுக் குழலும் டைட்டானிய ஒலியடக்கியும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. அதோடு பின்னுதைப்பும் சேர, கையால் மட்டும் இறுக்கிய நேர் மரை மெல்லத் தளரும். நேர் மரை வைத்திருப்பவர் சில குண்டுகள் சுட்டதற்கு ஒருமுறை, தடிமனான உறையால் பிடித்து, இறுக்கத்தைச் சோதிப்பது கட்டாயம். விரைவுப் பூட்டின் தொல்லை இதற்கு நேர்மாறானது: சரிவில் கரி படிந்து இறுகி, ஒலியடக்கி கழலவே மறுக்கும். இணைப்பியைக் குழலில் ஒட்டச் சாதாரண மரைப் பசையைப் பயன்படுத்தினால் சூட்டில் இளகிவிடும். அப்போது ஒலியடக்கியைத் திருகினால் இணைப்பியும் சேர்ந்து கழன்று வரும். இதனால்தான் வெப்பம் தாங்கும் பீங்கான் வகைப் பசையைப் பரிந்துரைக்கிறார்கள்.

அமெரிக்காவில் விரைவுப் பூட்டு இவ்வளவு பரவியதற்கு, பொறியியலைப் போலவே சட்டமும் ஒரு காரணம். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒவ்வொரு ஒலியடக்கிக்கும் 200 டாலர் வரியும் அரசுப் பதிவும் விதித்தது. அனுமதிக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிரமப்பட்டு வாங்கிய ஒன்றை நான்கு ரைபிள்களில் மாற்றி மாற்றிப் பயன்படுத்த விரும்புவது இயல்பே. 5.56 மி.மீ. ரைபிள்களின் குழலில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரையும், 7.62 மி.மீ. ரைபிள்களில் எட்டில் ஐந்து அங்குல விட்டத்தில் 24 மரையும் வழக்கம் என்பதால், நேர் மரை அங்கே இடைஞ்சலாகிறது. ஒவ்வொரு ரைபிளிலும் ஒரே வகை இணைப்பியைப் பொருத்திவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். 2026 சனவரி 1 முதல் அந்த வரி பூச்சியமாகிவிட்டது, பதிவு மட்டும் தொடர்கிறது. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் ஒலியடக்கியைச் சாதாரணக் கருவியாகவே பயன்படுத்தி வருகிறார்கள்.

ஒரே ரைபிள், நிதானமான வேட்டை, அல்லது தொலைதூர இலக்குப் பயிற்சி என்றால் நேர் மரையையே நான் தேர்ந்தெடுப்பேன். பாகங்கள் குறைவு, நீளம் குறைவு, இணைப்பியின் எடையும் மிச்சம். குழல் நுனியில் மிச்சமாகும் ஒவ்வொரு கிராமும் கையில் தெரியும். பல ரைபிள்கள், குட்டைக் குழல், அதிகச் சுடுதல் என்றால் சரிவுள்ள விரைவுப் பூட்டு மேல். குட்டைக் குழலில் எரிந்து முடியாத வெடிமருந்துத் துகள்கள் முதல் தடுப்புத் தட்டை அரிக்கின்றன. இணைப்பி பின்னுதைப்பைக் குறைக்கும் பிரேக் வடிவில் இருந்தால் அந்த அரிப்பை அது தன்மேல் வாங்கிக்கொள்ளும், அதை மாற்றுவதும் மலிவு. இன்று வரும் பல ஒலியடக்கிகளின் பின்முனையில் 1.375 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 24 என்ற பொது மரை இருக்கிறது. அதில் எந்த வகைக் கழுத்தையும் பின்னர் மாற்றிப் பொருத்தலாம்.

எந்த வகையானாலும், முதல் முறை மாட்டியதும் துப்பாக்கியில் குண்டில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குழலுக்கேற்ற நேரான சோதனைக் கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி ஒலியடக்கியின் வாயில் பார்க்க வேண்டும். கம்பியைச் சுற்றி இடைவெளி முழு வளையமாகத் தெரிந்தால் சுடலாம். ஒரு பக்கம் பிறை போல மெலிந்திருந்தால் கழற்றி, தோளையும் சரிவையும் துடைத்து, மீண்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் பிறையே தெரிந்தால் அந்தக் குழலை ஆயுதப் பழுதுநரிடம் கொடுத்து மரையையும் தோளையும் அளக்கச் சொல்லும்வரை ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது.